ஏறினால் குடை இலவசம்!

“உலக விவகாரமாம், அன்னிய வியாபாரமாம்! அதெல்லாம் வீட்டு ஐயா திண்ணையில் உட்கார்ந்து பேசவேண்டிய சமாசாரம். நமக்குத் தொடர்கதை காத்திருக்கிறது” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், வாசகியரே! பத்து நிமிஷம் எனக்குக் கொடுங்கள். நான் சொல்லப்போவது ஒரு குடையைப் பற்றி, ஒரு தீப்பெட்டியைப் பற்றி, நடுவில் கொஞ்சம் வெற்றிலையைப் பற்றி. இவற்றில் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது எது, சொல்லுங்கள் பார்ப்போம்!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில், முக்காணியைக் கடந்து தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் ஆத்தூர். கொடிக்கால்களின் ஊர். அகத்தி மரத்தைத் தழுவிக்கொண்டு ஏறுகிற வெற்றிலைக் கொடிகளுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் தாய்ப்பால். ஆத்தூர் வெற்றிலைக்கு ஒரு காரம் உண்டு, மென்றவர்களுக்குத் தெரியும். 2023-ஆம் வருஷம் இந்த வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, வேறு எந்த ஊர் இலையும் தன்னை ‘ஆத்தூர் வெற்றிலை’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது.

பஸ் நிறுத்தத்தின் அருகே கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சியிடம் ஒரு கவுளி வாங்கினேன். எதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். பிறகு நானும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியும் அவர் சொன்ன பதிலும் கடைசியில். அதுவரை பொறுமை!

குதிரை வாங்கிய கதை

ஆத்தூருக்கு வருகிற வழியிலேயே பழையகாயல் என்று ஓர் ஊர் வருகிறது. பஸ் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விடும். ஆனால் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே நின்றவை பஸ்கள் அல்ல. ஹோர்முஸ், ஏடன், அரபு நாடு ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்த மரக்கலங்கள். வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்தார். ‘காயில்’ பெரிய பட்டணம் என்று எழுதி வைத்தார். அந்தக் காயில் இந்தப் பழையகாயல்தான் என்று சொன்னவர் கால்டுவெல் பாதிரியார். அவர் இங்கே மண்ணில் சீனத்துப் பீங்கான் சில்லுகளைப் பொறுக்கி எடுத்தார்.

ஊர் ஜனங்கள் எந்நேரமும் ஓர் இலையை மென்றுகொண்டிருக்கிறார்கள் என்றும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். கர்ப்பூரமும் வாசனைச் சரக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்வார்களாம். யாரையாவது அவமானப்படுத்த வேண்டுமென்றால் அந்தச் சாற்றை முகத்தில் உமிழ்ந்துவிடுவார்களாம்! வெற்றிலைக்கு இப்படியும் ஓர் உபயோகம் இருந்திருக்கிறது. அது போகட்டும். நமக்கு வேண்டியது குதிரைக் கணக்கு.

அப்போது ஆண்டவர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். பாரசீகத்துச் சரித்திரக்காரரான வஸாப் ஒரு ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். கீஷ் தீவிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருஷம் 1,400 குதிரைகள் அனுப்பவேண்டும். குதிரை ஒன்றுக்கு 220 தங்கத் தீனார். நடுக்கடலில் குதிரை செத்துப்போனாலும் பாண்டியரின் கஜானா அதற்கும் விலை கொடுத்துவிடும்! பெருக்கிப் பார்த்தேன், வருஷத்துக்கு மூன்று லட்சத்து எட்டாயிரம் தீனார் ஆகிறது. உயிரோடு வந்ததற்கும் அதே விலை, செத்ததற்கும் அதே விலை.

வந்த குதிரைகளாவது பிழைத்தனவா? அதுவும் இல்லை. நம் ஊர்ச் சூடு, வேகவைத்த அரிசியும் மாமிசமும் கலந்த சாப்பாடு, பக்குவமாகப் பார்க்கத் தெரியாத ஆட்கள் — குதிரைகள் சீக்கிரமே செத்துப் போயினவாம். குதிரை வைத்தியம் தெரிந்த லாடக்காரர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் வியாபாரிகளே தடுத்துவிட்டார்கள் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த வருஷம் யாரிடம் விற்பது?

இந்த ஒப்பந்தம் நல்லதா, கெட்டதா என்று காயல்பட்டணத்துத் தெருக்களில் யாராவது பேசியிருப்பார்களா? ராஜா வாங்கினார், ராஜாவே கொடுத்தார். ஆனால் ராஜாவின் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? குடிகளிடமிருந்துதானே! அந்தக் காலத்து ஆச்சிகளை யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.

தூத்துக்குடியில் நடந்த கப்பல் சண்டை

கேட்கவேண்டிய ஒருவர் அறுநூறு வருஷம் கழித்து, அதே கரையில், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் வந்து சேர்ந்தார். ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1900-இல் தூத்துக்குடியில் குடியேறினார்.

அந்நாளில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறுவார்கள். ஆனால் கப்பல் கரைக்கு வராது, கடல் ஆழமில்லை. சில மைல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆட்களும் மூட்டைகளும் தோணியில் போய் ஏறவேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிக் குடும்பங்கள், பஞ்சு வியாபாரிகள், கைக்குழந்தையோடு புருஷனைத் தேடிப் போகிற பெண்கள், எல்லாருக்கும் ஒரே வழிதான். அந்த வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. தூத்துக்குடியில் அதற்கு ஏஜெண்டு ஹார்வி கம்பெனி.

1906-ஆம் வருஷம் அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். இருபத்தைந்து ரூபாய் வீதம் நாற்பதாயிரம் பங்கு. தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் கப்பலை வாடகைக்கு எடுத்தார்கள். எதிர்க் கம்பெனி நெருக்கியது. வாடகைக் கப்பல் கைவிட்டுப் போயிற்று. “கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் அங்கேயே கடலில் விழுந்து உயிர் விடுவேன்” என்கிற ரீதியில் சபதம் செய்துவிட்டுச் சிதம்பரம் பிள்ளை பம்பாய்க்குப் போனார் என்பார்கள். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாக வந்து சேர்ந்தன.

பிறகுதான் வேடிக்கை. வேடிக்கையா, வேதனையா என்று நீங்களே தீர்மானியுங்கள்.

வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக்குப் பிரயாணக் கட்டணத்தைப் பதினாறு அணாவாக இறக்கியது. அதாவது ஒரு ரூபாய். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “கட்டணமே வேண்டாம், சும்மா ஏறுங்கள். ஏறுகிறவருக்கு ஒரு குடை இலவசம்!” என்றார்கள்.

இந்தக் குடைச் செய்தி கப்பல் கம்பெனியின் கதை சொல்லப்படும் இடத்தில் எல்லாம் வருகிறது. படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் தோணித்துறையில் மூட்டை முடிச்சோடு நிற்கிற ஒரு கூலிக்காரப் பெண்ணாக உங்களை நினைத்துப் பாருங்கள். மடியில் முடிந்து வைத்திருப்பது சில்லறை. அங்கே எட்டணா கேட்கிறார்கள். இங்கே குடை கொடுக்கிறார்கள். மலைநாட்டில் மழை எப்படிக் கொட்டும் என்று அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். தேசபக்தி பெரியதுதான், ஒப்புக்கொள்கிறேன். குடையும் சின்னதில்லையே!

குடைக்குப் பணம் கொடுத்தது யார்? அந்தக் கம்பெனி பல துறைமுகங்களில் கப்பல் விட்டது. ஒரு துறையில் நஷ்டப்பட்டால் ஒன்பது துறையில் ஈடு கட்டிக்கொள்ளும். போட்டிக்காரன் படுத்துவிட்டால், பிறகு கட்டணத்தை யார் கேட்பது? இன்று ஒரு பெரிய கடை வந்து அடக்க விலைக்கும் கீழே விற்று, தெருமுனை மளிகைக்காரர் கதவைச் சாத்தும்வரை காத்திருக்கவில்லையா? அதே கணக்குத்தான்.

கன்னத்தில் பாதி நுரை

சுதேசிக் கம்பெனியின் பலம் பணமல்ல, ஊராருடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் எங்கே பேசப்பட்டது என்கிறீர்கள்? கடற்கரையில், சவரக் கடையில், சலவைத் துறையில்! 1908 பிப்ரவரியில் ஹார்வி கம்பெனிக்குச் சொந்தமான கோரல் ஆலைத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பக்கபலமாக நின்றார்கள். சில நாட்களில் கூலி உயர்வு கிடைத்தது. ஆலைப் பக்கம் பேசிய ஒரு வக்கீல் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்தாராம். பாதி முகம் முடிந்த நிலையில், அவருடைய பேச்சைக் கேட்ட நாவிதர் கத்தியை மடித்துக்கொண்டு போய்விட்டாராம். வேறு நாவிதரும் வரவில்லை. பாதி தாடியோடு திருநெல்வேலிக்கு ரயில் ஏறினார் என்று கதை சொல்கிறார்கள். அன்னிய வியாபாரத்தைப் பற்றி ஒரு நாவிதர் வாக்களித்த விதம் அது.

மார்ச் 12-ஆம் தேதி சிதம்பரம் பிள்ளை கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம்; துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். தூத்துக்குடியில் கடைகள் மூடின. வண்டிக்காரர்கள், சலவைத் தொழிலாளிகள், ஆலைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். பின்னால் மேல் முறையீட்டில் குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். மேடைகளில் இதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். கம்பெனியை வெள்ளைக்காரர் மட்டும் கவிழ்க்கவில்லை. “கப்பல் வேறு, அரசியல் வேறு, பிள்ளையவர்கள் கொஞ்சம் அடங்கி இருக்கக்கூடாதா?” என்று கம்பெனியில் இருந்த செல்வந்தர் சிலர் முன்னமே முணுமுணுத்தார்கள். அவர் சிறைக்குப் போனதும் கை நழுவவிட்டார்கள். நாவிதர் கத்தியை மடித்தார். பணக்காரர் பையை மூடினார். 1911-இல் கம்பெனி கலைந்தது. சுதேசிக் கப்பல் ஒன்று எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அதனிடமே விற்கப்பட்டது என்ற செய்தியைச் சிறையில் இருந்தவர் எப்படித் தாங்கினாரோ!

அந்தப் பணக்காரர்களைத் திட்டிவிட எனக்கு ஆசைதான். ஆனால் பேனா தயங்குகிறது. வருஷத்துக்கு வருஷம் நஷ்டம் காட்டுகிற கம்பெனியில் உங்கள் பெண்ணின் கலியாணப் பணத்தைப் போட்டு வைப்பீர்களா?

1912 டிசம்பரில் விடுதலை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் ஓட்டியவர் சென்னையில் மளிகைக் கடை வைத்தார். அரிசியும் நெய்யும் விற்றார். கடையும் ஓடவில்லை. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் அந்த நாட்களில் குடித்தனத்தை எப்படித்தான் நடத்தினாரோ! தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் இந்தக் குடும்பத்துக்கென்று கொஞ்சம் பணம் சேர்த்து, காந்திஜியின் வழியாக அனுப்பினார்கள். அது கைக்கு வந்து சேர வெகு காலமாயிற்று. பல கடிதங்கள் எழுதவேண்டி வந்தது. கடைசியில் 1916-இல் வந்தது. எவ்வளவு? 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர் அந்தப் பன்னிரண்டு அணாவையும் எண்ணி வாங்கவேண்டிய நிலைமை. கடலுக்கு அப்பால் கூலி வேலையிலும் சிறு கடையிலும் சம்பாதித்தவர்கள் கொடுத்த காசு அது. தூத்துக்குடியில் பங்கு வாங்கியிருந்த பெரிய மனிதர்களுக்கு மட்டும் அந்த விலாசம் மறந்துபோயிற்று போலும்.

இப்போது தூத்துக்குடித் துறைமுகத்துக்கே அவர் பெயர். நான் போன அன்று, வாயிலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எந்த நாட்டுக் கப்பல் வந்திருக்கிறது என்று ஒரு லாரி டிரைவரைக் கேட்டேன். “கண்டெய்னர்தாங்க வந்திருக்கு” என்றார். கப்பலுக்கு இப்போது நாடு இல்லை, பெட்டிதான் உண்டு!

ஒரு லைட்டர், இருபது தீப்பெட்டி

பழைய கதை போதும் என்கிறீர்களா? சரி, உங்கள் அடுப்பங்கரைக்கே வருகிறேன்.

இதே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது கோவில்பட்டி. சிவகாசி, சாத்தூரோடு சேர்ந்து தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, கட்டுக் கட்டுவது, எல்லாவற்றிலும் பெரும்பாலோர் பெண்கள். மழை பொய்த்தால் புஞ்சையில் ஒன்றும் இல்லாத கரிசல் பூமி அது. வீட்டில் அடுப்பு எரிவது தீப்பெட்டியால்தான், இரண்டு அர்த்தத்திலும்.

தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கு எத்தனை வருஷம் விற்றது, நினைவிருக்கிறதா? 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. அடுத்த உயர்வு 2021 டிசம்பர் 1-ஆம் தேதி, இரண்டு ரூபாய். பதினான்கு வருஷம் விலை ஏறாத சாமான் வேறு ஏதாவது உங்கள் பட்டியலில் உண்டா? பாஸ்பரஸ், மெழுகு, அட்டை, எல்லாம் ஏறின. பெட்டி மட்டும் ஏறவில்லை.

அந்த நேரத்தில் பத்து ரூபாய்க்குக் கடைவாசலில் தொங்க ஆரம்பித்தது பிளாஸ்டிக் லைட்டர். பெரும்பாலும் சீனத்துச் சரக்கு. எரிந்து தீர்ந்ததும் குப்பையில் போடவேண்டியதுதான். ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய வர்த்தக அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் 29-இல் மத்திய சர்க்கார் இருபது ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி விலையுள்ள சிகரெட் லைட்டர்களைத் தடை செய்தது. அப்புறம்? லைட்டராக வராமல் உதிரி பாகமாக வந்து இங்கே பூட்டப்பட்டது. மனித மூளை சும்மா இருக்குமா? 2024 அக்டோபரில் அந்த உதிரி பாகங்களுக்கும் தடை வந்தது.

“கோவில்பட்டிப் பெண்களுக்காக நான் இரண்டு ரூபாய்ப் பெட்டியைத்தான் வாங்குவேன்” என்று எழுதிவிட்டால் கட்டுரைக்கு அழகாக இருக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் திரும்பி, பூஜை அறையில் விளக்கேற்றப் போனால் கையில் லைட்டர் இருக்கிறது! எப்போது வாங்கினோம் என்றே ஞாபகமில்லை. பழக்கடையிலோ எங்கேயோ சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்திருப்பார்கள்.

சீன லைட்டருக்கு நாம் கதவைச் சாத்தலாம், சரி. பிறத்தியார் நமக்குக் கதவைச் சாத்தினால்? 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் 50 சதவீதம் வரிபோட்டது. நம் நாட்டு இறாலுக்கு அமெரிக்காதான் மிகப் பெரிய சந்தை. தூத்துக்குடியின் மீன் பதன ஆலைகளில் பனிக்கட்டி நடுவே நின்று இறால் உரிக்கிறவர்கள் யார் என்கிறீர்கள்? அங்கேயும் பெண்கள்தான். “எங்கள் தொழிலாளியைக் காப்பாற்ற வரி போடுகிறோம்” என்று அங்கே சொன்னார்கள். கோவில்பட்டியில் நாம் சொன்னதும் ஏறக்குறைய அதே வாசகம்தான். எது நியாயம்? இரண்டும் நியாயமா? இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் வீட்டு ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். பத்திரிகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொள்வார்!

ஆச்சியின் தீர்ப்பு

இப்போது ஆத்தூர் பஸ் நிறுத்தத்துக்குத் திரும்புவோம். ஆச்சியிடம் கப்பல் கதையைச் சொன்னேன். சிதம்பரம் பிள்ளையை அவருக்குத் தெரியாமலா இருக்கும்? குடைக் கதை மட்டும் புதிது.

“ஆச்சி, நீங்கள் அன்றைக்குத் தோணித்துறையில் நின்றிருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

ஆச்சி அவசரப்படவில்லை. ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தடவினார்.

“இதென்ன கேள்வி தாயி? குடைய வாங்கிக்கிடுவேன். ஏறுதது நம்ம கப்பல்லதான்.”

“அது நடக்காதே ஆச்சி! ஏறினவர்களுக்குத்தானே குடை?”

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார். திருச்செந்தூர் பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஆச்சி கையை நெற்றிக்குமேல் வைத்து வானத்தைப் பார்த்தார்.

“அப்பம், அன்னைக்கு மழை உண்டா இல்லியான்னு பாத்துத்தான் சொல்லணும்” என்றார்.